தகடு சொன்னால் போதுமா?

"இரண்டாம் உலகப்போர் வாக்கி-டாக்கி, ஒரிஜினல்" என்று எழுதி, கையில் பிடிக்கிற ஒரு பச்சைப் பெட்டியின் படத்தைப் போடுகிறார்கள். பெரும்பாலும் அது அமெரிக்க ராணுவத்தின் பிசி-611. அந்தக் காலத்தில் அதற்குப் பெயர் ஹேண்டி-டாக்கி. வாக்கி-டாக்கி எனப்பட்டது முதுகில் சுமக்கும் எஸ்சிஆர்-300. முன்னது 3.5–6 மெகாஹெர்ட்ஸில் ஏஎம், பின்னது 40–48 மெகாஹெர்ட்ஸில் எஃப்எம். ஒன்றோடு ஒன்று பேசவே முடியாது!

அதே பெட்டியை எஸ்சிஆர்-536 என்றும் விற்கிறார்கள். இது தப்பில்லை. எஸ்சிஆர் என்பது முழு செட்டின் எண், பிசி என்பது அதில் உள்ள பெட்டியின் எண். நம்ம சாஃப்ட்வேர் ஆட்களுக்குச் சொல்வதென்றால் ஒன்று பேக்கேஜ், மற்றது மாட்யூல். பின்னால் வரும் ஏ, பி, சி எழுத்துதான் வெர்ஷன். அதைச் சொல்லாத விளம்பரம் எனக்கு அரை விளம்பரம்.

"தகட்டைப் பாருங்க, வருஷம் தெரிஞ்சிடும்" என்று சேகரிப்பாளர்கள் சொல்லும் அறிவுரையில்தான் எனக்குப் பெரிய சண்டை. தகட்டில் இருப்பது ஆர்டர் எண். நடுவில் 'பிலா' என்று வந்தால் அது பிலடெல்பியா கொள்முதல் அலுவலகம். கடைசி இரண்டு இலக்கம், 43 என்றோ 44 என்றோ, ஆர்டர் போட்ட நிதியாண்டு. பெட்டி தயாரான தேதி அல்ல. போதாக்குறைக்கு, புதிதாக அச்சடித்த நகல் தகடுகளும் விலைக்குக் கிடைக்கின்றன.

அதனால் உள்ளே பார்க்க வேண்டும். பிசி-611-இல் ஐந்து வால்வுகள் இருக்கும், அலைவரிசையைத் தீர்மானிக்க கிரிஸ்டல் இருக்கும். டிரான்சிஸ்டர் போர்டு தெரிந்தால், ஒன்று குடலை உருவிய பெட்டி, இல்லையென்றால் நகல். இன்னொரு எளிய சோதனை: ஒரிஜினலில் ஆன்-ஆஃப் சுவிட்ச் தனியாகக் கிடையாது, ஆன்டெனாவை வெளியே இழுத்தாலே செட் ஆன் ஆகிவிடும். பக்கத்தில் ஆன்-ஆஃப் சுவிட்ச் முளைத்திருந்தால் யாரோ கை வைத்திருக்கிறார்கள்.

களத் தொலைபேசியான இஇ-8 கதையும் இதேதான். தோல் பையில் இருக்கிறது, எனவே போர்க்காலத்தது என்கிறார்கள். தோல் பை முதலில் வந்தது, கேன்வாஸ் பிறகு வந்தது, அதுவரை சரி. ஆனால் அந்த ஃபோன் வியட்நாம் வரை ஓடியது, பையோ கழற்றி மாட்டக்கூடியது. விற்பவரிடம் நான் முதலில் கேட்பது, ஃபோனைப் பையிலிருந்து வெளியே எடுத்துப் பிடித்த படம்.