குலுக்கலில் முடியும் கதை: ‘வெயிட்டிங் ஃபார் சூப்பர்மேன்’ ஆவணப்படத்தின் எடுத்துரைப்பு – ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

அமெரிக்க நகர்ப்புறங்களில் இயங்கும் பட்டயப் பள்ளிகள் குறித்த பொதுவிவாதத்தைக் கூர்மைப்படுத்திய ஆவணப்படங்களுள் டேவிஸ் குகன்ஹைம் இயக்கிய ‘வெயிட்டிங் ஃபார் சூப்பர்மேன்’ (2010) குறிப்பிடத்தக்கது. சேர்க்கைக் குலுக்கலை உச்சக்கட்டமாகக் கொண்ட இதன் கதைப்பின்னல், கல்வி உரிமை சார்ந்த சிக்கலை நற்பேறு சார்ந்த சிக்கலாக மாற்றிவிடுகின்றது என்பதை இக்கட்டுரை விளக்குகின்றது.

திறவுச்சொற்கள்: பட்டயப் பள்ளி, குலுக்கல், ஆவணப்படம், எடுத்துரைப்பு, நகர்ப்புறக் கல்வி.

முன்னுரை

சார்ட்டர் பள்ளி எனப்படும் பட்டயப் பள்ளி, அரசு நிதியில் கட்டணமின்றி நடத்தப்படும் பொதுப்பள்ளியாகும். எனினும் அது பொதுக்கல்வி நிருவாகத்தின் பல விதிகளிலிருந்து விலக்குப் பெற்றது. பள்ளியை நடத்தும் குழு, அனுமதி வழங்கும் அமைப்புடன் செய்துகொள்ளும் உடன்படிக்கையே ‘பட்டயம்’ ஆகும். அதில் கூறப்பட்ட இலக்குகளை எட்டாத பள்ளி தன் அனுமதியை இழக்க நேரிடலாம். விண்ணப்பங்கள் இடங்களைக் காட்டிலும் மிகும்போது பொதுவாகக் குலுக்கல் முறையில் மாணவர் தேர்ந்தெடுக்கப்படுவர்.

இக்கருத்தை 1988இல் நாடறியச் செய்தவர் ஆசிரியர் சங்கத் தலைவரான ஆல்பர்ட் ஷாங்கர். முதல் சட்டம் 1991இல் மினசோட்டாவில் இயற்றப்பட்டது. 1992இல் அம்மாநிலத்தின் செயின்ட் பால் நகரில் திறக்கப்பட்ட முதல் பட்டயப் பள்ளி, படிப்பை இடையில் நிறுத்திய இளைஞர்களுக்கான உயர்நிலைப் பள்ளியாகும். கைவிடப்பட்டோரைச் சேர்த்துக்கொள்வதில் தொடங்கிய ஒரு முயற்சி, பதினெட்டு ஆண்டுகளுக்குப்பின் திரையில் எவ்வாறு காட்சிப்படுத்தப்பட்டது என்பதே இங்கு ஆராயப்படுகின்றது.

கதைப்பின்னல்

இப்படம் ஐந்து சிறார்களைப் பின்தொடர்கின்றது. வாஷிங்டன், நியூயார்க், லாஸ் ஏஞ்சல்ஸ் ஆகிய நகரங்களைச் சேர்ந்த நால்வரும், வடகலிபோர்னியாவின் வளமான பகுதியைச் சேர்ந்த ஒருவரும் அவர்கள். ஐவரும் பட்டயப் பள்ளிகளுக்கு விண்ணப்பிக்கின்றனர். ஹார்லெமில் உள்ள ஒரு பள்ளியின் 40 இடங்களுக்கு 792 பேரும், வாஷிங்டனின் ‘சீட்’ உறைவிடப் பள்ளியின் 24 இடங்களுக்கு 61 பேரும் போட்டியிடுவதாகப் படம் தெரிவிக்கின்றது. இறுதிப் பகுதியில் குலுக்கல் காட்சிகள் மாறிமாறித் தொடுக்கப்படுகின்றன. எண் பொறித்த பந்துகள் சுழல்கின்றன, பெற்றோர் காத்திருக்கின்றனர், இடங்கள் ஒவ்வொன்றாகக் குறைகின்றன. ஒருவருக்கு இடம் கிடைக்கின்றது. மற்றொருவர் காத்திருப்போர் பட்டியல்வழி இடம் பெறுகின்றார். மூவருக்குக் கிடைக்கவில்லை.

காண்போரை ஆழமாகப் பாதிக்கும் பகுதி இதுவே. படத்தின் கருத்துநிலை மறைவாகச் செயற்படும் இடமும் இதுவே. பள்ளிக்குள் நுழைவதே மீட்சி எனவும், நுழைய இயலாமையே வீழ்ச்சி எனவும் பார்வையாளர் உணருமாறு காட்சிகள் அமைக்கப்பட்டுள்ளன. இவ்வுணர்வு எழுந்தபின், இத்தனை குழந்தைகளுக்கு நல்ல பள்ளி ஏன் இல்லை என்னும் வினா, இந்தக் குழந்தையின் எண் வருமா என்னும் ஆவலாகச் சுருங்கிவிடுகின்றது.

கற்பித்தல் குறித்த உருவகம்

ஆசிரியர் மாணவர்தம் தலைகளுக்குள் அறிவை ஊற்றுவதாக ஓர் இயங்குபடக் காட்சி இடம்பெறுகின்றது. மாணவரை வெற்றுக் கலமாகக் கருதும் இப்பார்வையைப் பாவ்லோ ஃபிரேயிரே ‘வங்கிமுறைக் கல்வி’ எனக் கண்டித்தார். ஊற்றுவது மட்டுமே கற்பித்தல் எனில், தடையாக இருப்பவர் ஊற்றத் தெரியாத ஆசிரியரும் அவரைக் காக்கும் சங்கமுமே என்ற முடிவு எளிதில் கிட்டுகின்றது. வறுமை, குடியிருப்புப் பிரிவினை, நிதிப் பகிர்வு முதலிய காரணிகள் பின்னுக்குத் தள்ளப்படுகின்றன. பட்டயப் பள்ளிக் கருத்தைப் பரப்பியவரே ஒரு சங்கத் தலைவர் என்னும் வரலாற்று முரணும் இவ்வாய்பாட்டிற்குள் அடங்குவதில்லை.

குலுக்கலுக்குப் பின்

படத்தின் முதன்மைக் குரல்களுள் ஒருவர் ஜெஃப்ரி கனடா. சூப்பர்மேன் உண்மையில் இல்லை என அறிந்த சிறுவயது ஏமாற்றத்தை அவர் கூறுவதிலிருந்தே தலைப்புப் பிறக்கின்றது. ஹார்லெமில் அவர் நிறுவிய ‘பிராமிஸ் அகாடமி’ பள்ளியின் தொடக்க ஆண்டுகளைப் பால் டஃப் ‘வாட்டெவர் இட் டேக்ஸ்’ (2008) நூலில் பதிவு செய்துள்ளார். படம் குலுக்கலில் முடிவடைய, அந்நூல் 2004ஆம் ஆண்டுக் குலுக்கலில் தொடங்குகின்றது. அன்று இடம்பெற்று ஆறாம் வகுப்பில் சேர்ந்த மாணவர்கள் எட்டாம் வகுப்பை முடித்தபோது, 2007இல், அவர்களைக் கொண்டு உயர்நிலைப் பள்ளியைத் தொடங்குவதில்லை என முடிவு செய்யப்பட்டது. அவர்கள் வேறு பள்ளிகளைத் தேட வேண்டியதாயிற்று. எண் வந்தவரும் கைவிடப்படலாம் என்னும் இவ்வுண்மைக்கு, எண் வருவதையே மீட்சியாகக் காட்டும் கதையில் இடமில்லை.

பட்டயப் பள்ளிகளுள் ஐந்தில் ஒன்றே சிறந்த விளைவைத் தருகின்றது எனப் படமே ஒரு வரியில் ஒப்புக்கொள்கின்றது. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் கிரெடோ ஆய்வு மையம் 2009இல் வெளியிட்ட அறிக்கையின்படி, கணிதத்தில் 17 விழுக்காட்டுப் பட்டயப் பள்ளிகள் ஒப்பீட்டுப் பொதுப்பள்ளிகளைவிட மேம்பட்டும், 37 விழுக்காடு பின்தங்கியும் இருந்தன. கல்வி வரலாற்றாசிரியர் டயான் ராவிச் 2010இல் எழுதிய மதிப்புரையில் இதனைச் சுட்டிப் படத்தை மறுத்தார். அதேவேளை, அதே மையம் 41 நகர்ப்பகுதிகளை ஆராய்ந்து 2015இல் வெளியிட்ட அறிக்கை, நகர்ப்புறப் பட்டயப் பள்ளி மாணவர் சராசரியாகக் கூடுதல் முன்னேற்றம் பெறுவதாகக் கண்டது. ஆகவே படத்தின் குறை, பட்டயப் பள்ளிகளைப் போற்றியதன்று. அவற்றுள் எது, எதனால், யாருக்குப் பயன் தருகின்றது என்னும் வேறுபாட்டை ஆராயாமல் விட்டதே குறையாகும்.

பாஸ்டன் நகரப் பட்டயப் பள்ளிகளை ஆராய்ந்த பொருளியலாளர்கள் இதே குலுக்கலை வேறுவகையில் பயன்படுத்தினர். இடம் பெற்றோரையும் பெறாதோரையும் தொடர்ந்து கவனித்து, பள்ளியின் தாக்கத்தை அளந்தனர். அவ்வாய்வுமுறையில் இடம் பெறாதோரும் இன்றியமையாதோர். அவர்கள் பயிலும் பள்ளியும் கணக்கில் வருகின்றது. படமோ இடம் பெறாத மூவரையும் அவர்தம் கண்ணீரோடு விட்டு விலகுகின்றது. அவர்கள் மறுநாள் சென்று அமரும் வகுப்பறை திரைக்கு வெளியே நின்றுவிடுகின்றது.

முடிவுரை

நல்ல பள்ளிக்காக ஏங்கும் நகர்ப்புறப் பெற்றோரின் தவிப்பை நேர்மையாகப் பதிவு செய்தமை இப்படத்தின் வலிமையாகும். அத்தவிப்பைக் கதையின் உச்சமாக்கி அங்கேயே நின்றுவிட்டமை அதன் வரம்பாகும். உரிமை என்பது அனைவருக்கும் உரியது. பரிசு என்பது சிலருக்கே வாய்ப்பது. பள்ளி இடத்தைப் பரிசாகக் காட்டும் எடுத்துரைப்பு, அதனை உரிமையாகக் கோரும் குரலை நலிவுறச் செய்கின்றது. கல்வி குறித்த ஆவணப்படங்களை மதிப்பிடுவோர், காட்டப்பட்ட காட்சிகளின் உண்மையோடு, கதை எந்த இடத்தில் நிறுத்தப்பட்டது என்பதையும் ஆராய்தல் வேண்டும் என்பது இத்திறனாய்வின்வழிப் பெறப்படுகின்றது.