பாஸ் லினக்ஸ் முதல் மின்ட் வரை: விண்டோஸுக்குப் பக்கத்தில் எதை வைப்பது?

"புதுசா லினக்ஸ் போடப் போறேன், விண்டோஸும் இருக்கணும், எது நல்லது?" என்று தேடினால் கிடைக்கிற பட்டியல்கள் எல்லாம் ஏறக்குறைய ஒன்றுதான்: மின்ட், உபுண்டு, சோரின். காரணமும் ஒன்றே: பார்க்க விண்டோஸ் மாதிரி இருக்கும். என்னைக் கேட்டால், டூயல் பூட்டில் தோற்றம் கடைசி விஷயம். ஒன்றில் கைவைத்தால் இன்னொன்று பிழைக்குமா என்பதைத்தான் முதலில் பார்க்கணும்.

இதற்கு நம்ம ஊர் உதாரணமே இருக்கு. 2011 செப்டம்பர் 15-ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், எல்காட் வாங்கிக் கொடுத்த பல மடிக்கணினிகளில் விண்டோஸ் கூடவே பாஸ் லினக்ஸும் இருந்தது. பாஸ், சென்னை சி-டாக் டெபியனை அடிப்படையாக வைத்து உருவாக்கியது, 2007-லேயே வெளிவந்துவிட்டது. இந்திய மொழி வசதிதான் அதன் பலம். தமிழும் உருதும் ஒரே தெருவில் புழங்கும் ஆம்பூர், வாணியம்பாடிக்கு இது சின்ன விஷயமில்லை.

ஆனாலும் பல மாணவர்கள் அதைத் திறந்தே பார்க்கவில்லை. படம், பாட்டு வைக்க இடம் வேணும் என்று விண்டோஸில் இருந்தபடியே லினக்ஸ் பார்ட்டிஷனை அழித்தார்கள். அதோடு க்ரப் தேடுகிற கோப்புகளும் போய்விடும். அடுத்த தடவை ஆன் பண்ணினால் கருப்புத் திரையில் 'க்ரப் ரெஸ்க்யூ' என்று நிற்கும். விண்டோஸ் உள்ளே பத்திரமாகத்தான் இருக்கும், வாசல்தான் போச்சு. கடையில் கொடுத்தால் மொத்தமாக ஃபார்மட் பண்ணி விண்டோஸ் மட்டும் போட்டுத் தருவார்கள். வீட்டுக்கு வந்த முதல் கம்ப்யூட்டரே அதுதான் என்றால், "லினக்ஸா? அது லேப்டாப்பைக் கெடுத்துடும்" என்பதுதான் மனதில் தங்கும்.

பாஸ் மோசமான மென்பொருள் என்று நான் சொல்லவில்லை. கேட்காதவர் கையில், எதற்கு என்று தெரியாமல் வந்து சேர்ந்ததுதான் கோளாறு. கேரளத்தில் பள்ளி ஐடி பாடமும் தேர்வும் லினக்ஸிலேயே நடக்கிறது. அங்கே பிள்ளைகளுக்கு அதை ஆன் பண்ண ஒரு காரணம் இருக்கு.

இப்போது அதே கேள்வி திரும்ப வந்திருக்கு. 2025 அக்டோபர் 14-ஓடு விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0, புதிய பிராசசர் எல்லாம் பழைய மெஷின்களில் இல்லை. அதற்காக விண்டோஸைத் தூக்கி எறியவும் முடியாது. ஷூ கம்பெனி, டேனரி அலுவலகத்தில் கணக்கு வேலைக்குப் போகணும் என்றால் டேலி தெரியணும். டேலி ஓடுவது விண்டோஸில். இங்கே டூயல் பூட் என்பது ஆசைக்காக இல்லை, பிழைப்புக்காக.

என் தேர்வு லினக்ஸ் மின்ட்தான், ஆனால் பட்டியல்கள் சொல்கிற காரணத்துக்காக இல்லை. அது உபுண்டுவின் நீண்டகால ஆதரவுப் பதிப்பின் மேல் கட்டப்பட்டது. செக்யூர் பூட்டை அணைக்காமலே போட முடியும். மின்ட் 22-க்கு 2029 வரை அப்டேட் உண்டு. ஏதாவது கெட்டால் முந்தைய நிலைக்குத் திரும்ப டைம்ஷிஃப்ட் கூடவே வருகிறது. பூட் பகுதி புதுசாக இருப்பது ஏன் முக்கியம்? 2024 ஆகஸ்டில் வந்த ஒரு விண்டோஸ் அப்டேட், பழைய பூட் கோப்புகளைத் தடை செய்தது. உலகம் முழுக்கப் பல டூயல் பூட் மெஷின்களில் லினக்ஸ் ஏறவில்லை. அதனால் எந்த டிஸ்ட்ரோவாக இருந்தாலும் பழைய பென்டிரைவில் கிடக்கும் ஐஎஸ்ஓவைப் போடாதீங்க, புதுசாக இறக்குங்க.

மின்ட்டிலும் குறை இருக்கு. தமிழ்99 விசைப்பலகையை நாமேதான் உள்ளீட்டு முறையில் சேர்க்கணும். உருதுவுக்கு நஸ்தலீக் எழுத்துருவும் பார்த்துப் போடணும். இந்த ஒரு விஷயத்தில் பாஸ் காட்டிய அக்கறை மின்ட்டிடம் இல்லை.

போடுவதற்கு முன் நான்கு வேலை. முக்கியமான கோப்புகளை வெளி டிஸ்க்கில் எடுத்து வையுங்க. பிட்லாக்கர் இருந்தால் அதன் 48 இலக்க மீட்புச் சாவியை எழுதி வையுங்க. பூட் அமைப்பு மாறினால் அது கேட்கும். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணையுங்க, இல்லையென்றால் விண்டோஸ் டிரைவில் லினக்ஸ் எழுத முடியாமல் போகலாம். லினக்ஸுக்கான இடத்தை விண்டோஸுக்குள் இருந்தே சுருக்கி எடுங்க.

இன்னொன்று, மடிக்கணினி வாங்கிய பிள்ளைகளுக்கு அன்றே தெரிந்திருக்க வேண்டியது: வேண்டாம் என்றால் எப்படி எடுப்பது? இன்றைய யூஇஎஃப்ஐ மெஷின்களில் முதலில் பூட் வரிசையில் விண்டோஸ் பூட் மேனேஜரை மேலே கொண்டு வாங்க. ரீஸ்டார்ட் பண்ணி விண்டோஸ் நேராக ஏறுகிறதா என்று பாருங்க. அதற்குப் பிறகுதான் லினக்ஸ் பார்ட்டிஷனை அழிக்கணும். யாருக்காவது டூயல் பூட் போட்டுக் கொடுத்தால், இந்த மூன்று வரியையும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்க.