கொசுக்கடியும் குடத்தடியும்

நாஞ்சில் நாட்டில் அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு ராத்திரி வில்லுப்பாட்டு கேட்க உட்காருகிறவருக்குச் சின்னச் சின்னத் தொல்லைகள் நிறைய. கொசு காதோரம் ரீங்கரிக்கும். முன்னால் இருப்பவர் தலை மேடையை மறைக்கும். ஒலிபெருக்கி திடீரென்று வீரிடும். எல்லாம் வீசுகோல் வில்லின் நாணில் விழுகிற வரைக்கும்தான். அப்புறம் ஒன்றும் உறைக்காது.

நீண்ட வில்லில் தொங்கும் மணிகள் ஒரே நேரத்தில் குலுங்குகின்றன. அதில் சேர்த்துக் கட்டிய மண்குடம்தான் எனக்கு உயிர். குடக்காரர் ஒரு கையில் மட்டையை வைத்துக் குடத்தின் வாயில் அறைவார். 'தும்' என்று அடிவயிற்றில் இறங்கும். மறு கையில் இருக்கும் காசு குடத்தின் மேல் தாளத்தைக் கொத்தும். உடுக்கும் ஜால்ராவும் கட்டையும் கூடச் சேரும்.

புலவர் கதையை ஓரடி நகர்த்துவார். பக்கப்பாட்டுக்காரர் "ஆமா" போடுவார். நீலி என்ற பேயின் கதையில் அந்தக் குரலில் பயம் இருக்கும். கல்யாணச் சாப்பாட்டை வருணிக்கும்போது குறும்பு இருக்கும். கூட்டத்தின் மனசையே அவர்தான் பேசுகிறார்.

நாகர்கோவில் ஒழுகினசேரியில் 1908-இல் பிறந்த கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் வில்லுப்பாட்டை ஊர் தாண்டிக் கொண்டுபோனார். அவருக்காகக் காந்தியின் கதையை வில்லுப்பாட்டாக எழுதிய சுப்பு ஆறுமுகத்துக்கு 2021-இல் பத்மஸ்ரீ கிடைத்தது.

டிக்கெட் கிடையாது, யாரையும் போகச் சொல்வதும் கிடையாது. அடுத்த கொடைக்கு ஒரு ஜமுக்காளத்தை எடுத்துக்கொண்டு போய் உட்காருங்கள். கதை முடியும்முன் மட்டும் எழுந்துவிடாதீர்கள்.