மேடைப் பாட்டும் திண்ணை வம்பும்

நாடகம் விடியற்காலையில் முடிந்துவிடும். நாடகக்காரரைப் பற்றிய பேச்சோ அதன் பிறகுதான் ஆரம்பமாகும். ராஜபார்ட் யார் வீட்டில் சாப்பிட்டார், ஸ்திரீபார்ட் யார் வண்டியில் ஏறினாள் என்ற விவரங்கள் பொழுது ஏறுவதற்குள் ஊர் முழுதும் உலாவிவிடும். அவள் பாடிய பாட்டு எப்படி என்று கேட்டாலோ, "நன்றாயிருந்தது" என்ற ஒரே வார்த்தையில் விமர்சனம் முற்றுப்பெறும். வம்புக்கு நூறு வாக்கியம், கலைக்கு ஒரு வாக்கியம்! தோட்டத்து ஆபீஸில் நாள்தோறும் வரவு செலவு எழுதிப் பழகிய நமக்கு, இந்தப் பேரேட்டையும் ஒரு முறை சரிபார்க்கத் தோன்றுகிறது.

மேனாட்டார் 'ஆப்பரா' என்று கொண்டாடும் இசை நாடகம் நமது பினாங்குக்குப் புதியதன்று. 1870களில் பார்ஸி நாடகக் கம்பெனிகள் இத்துறைமுகத்தில் வந்திறங்கி ஹிந்துஸ்தானியில் பாடி ஆடின. பாஷை புரியாதவரும் பாட்டுக்காகச் சென்று பார்த்தனர். 1885ல் மாமாக் புஷி என்பவர் 'புஷி இந்திரா பங்சாவான்' என்ற பெயரில், அதே வகை நாடகத்தை மலாய் மொழியில் நடத்த ஒரு கம்பெனி கண்டார். 'மாமாக்' என்பது நம்முடைய 'மாமா'தான் என்பர். ஆகவே இந்தக் கலை நமக்கும் உறவு முறையே! லைலா மஜ்னூனும் ஹாம்லெட்டும் சீனக் கதைகளும் அந்த ஒரே மேடையில் ஏறின. ஆர்மோனியமும் தபலாவும் வயலினும் சேர்ந்து ஒலித்தன. காட்சிக்கும் காட்சிக்கும் நடுவே ஆட்டமும் வேடிக்கைப் பாட்டும் வந்தன. பல ஜாதியாரும் பல மதத்தாரும் ஒரே கொட்டகையில் அமர்ந்து சிரித்தனர், அழுதனர்.

பங்சாவான் என்ற சொல்லுக்குப் பிரபுக்கள் என்று பொருள். அதன் கதாநாயகிக்கு 'ஸ்ரீ பங்கோங்' என்று பட்டம். மேடையின் திருமகள் என்று நாம் சொல்லலாம். இராத்திரியில் திருமகள், பகலில் யாரோ! கௌரவமான குடும்பங்கள் தங்கள் பெண்களை அந்த மேடைக்கு அனுப்ப மாட்டா. அங்கே போனவளை மருமகளாய் ஏற்கவும் மாட்டா. முன்வரிசை டிக்கட்டுக்குப் பணம் கொடுத்தவர்கள் மட்டும் வானத்திலிருந்து குதித்தவர்களோ?

கடல் கடந்த தமிழ்நாட்டின் கதையும் வேறன்று. சங்கரதாஸ் சுவாமிகள் 1918ல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையை நிறுவினார். இத்தகைய பாய்ஸ் கம்பெனிகளில் பெண் வேஷமும் சிறுவருக்கே. அவர்களால் நாடகத்தில் ஒழுங்கும் பயிற்சியும் ஏற்பட்டது உண்மை. ஆனால் மகரக்கட்டு வந்து குரல் உடைந்ததும், நேற்றுவரை வள்ளியாய்ப் பாடிய பிள்ளையின் கதி என்னவாகும்? பெண் மேடையேறினால் வாய் ஓயாமல் பேசும் ஊர், ஆண்பிள்ளைக்குச் சேலை கட்டியபோது கைதட்டி ரசித்தது. என்னே நம் ஒழுக்கத்தின் விந்தை!

பின்னர்ப் பெண்களே பெண் வேஷம் தரித்தனர். 1926ல் கொழும்பில் செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பாவும் கொடுமுடி கே. பி. சுந்தராம்பாளும் ஒரே மேடையில் சேர்ந்து பாடினர். ஒலிபெருக்கி இல்லாத காலம் அது. கொட்டகையின் கடைசிப் பெஞ்சுவரை குரல் சென்று சேரவேண்டும். அதற்காக உயர்ந்த சுருதியில் நிற்கவேண்டும். நின்றாலும் சொல் சிதையக்கூடாது. எதிரில் நிற்பவர் ஒரு சங்கதியை வீசினால் அந்தக் கணமே பதில் பாடவேண்டும். இந்த வித்தையை இருவரும் எவ்வாறு கையாண்டனர் என்று அக்காலத்தார் நமக்கு எவ்வளவு எழுதி வைத்தார்கள்? சொற்பமே. அவர் என்ன ஜாதி, அவள் என்ன ஜாதி, அவருக்கு முன்பே ஒரு மனைவி உண்டே என்ற கதைகளோ வண்டி வண்டியாய் நம் கைக்கு வந்து சேர்ந்திருக்கின்றன.

1933 டிசம்பரில் கிட்டப்பா 27 வயதில் மாண்டார். சுந்தராம்பாள் வெள்ளாடை உடுத்து, இனி ஆண் நடிகரோடு ஜோடியாய் நடிப்பதில்லை என்று உறுதி பூண்டார். உடனே ஊர் தன் வாயை மாற்றிக்கொண்டது. நேற்று வம்பு பேசியது. இன்று பத்தினிப் புராணம் படித்தது. தூற்றினாலும் சரி, போற்றினாலும் சரி, இரண்டிலும் பாட்டு இல்லை என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும். அக்காலத்து இசைத்தட்டின் ஒரு பக்கம் மூன்று நிமிஷத்திற்குச் சற்றே மேல் ஓடும். விடிய விடியப் பாடியவர்களின் கலையில் நமக்கு மிஞ்சியவை அத்தகைய துண்டுகளே. மீதியை எழுத்தில் காப்பாற்றியிருக்க வேண்டியவர் விமர்சகர். அவர் திண்ணையில் உட்கார்ந்து வம்பு கேட்டுக்கொண்டிருந்தால், போன பாட்டு போனதுதான்.

நகைச்சுவையாக எழுதுவதே பாவம் என்று நாம் சொல்ல வரவில்லை. 1935ல் வெளியான 'பக்த நந்தனார்' படத்தில் நந்தனாராகவே நடிக்க சுந்தராம்பாளுக்கு ஒரு லட்ச ரூபாய் கொடுத்தனர். அந்தத் தொகையைக் கேட்டு வாய் பிளக்காதவர் இல்லை. கல்கியோ, அந்தப் படத்தில் எருமையும் பனைமரமும் ஆட்டுக்குட்டியும் நன்றாக நடித்திருக்கின்றன என்னும் கருத்துப்பட எழுதினார். அந்தத் தீர்ப்பு நியாயமா என்பது வேறு விஷயம். ஆனால் அந்த நையாண்டியின் குறி படத்தின் நடிப்பு. யாருடைய படுக்கையறையும் அன்று. படித்தவன் சிரித்துவிட்டுப் படத்தைப் பற்றியே வாதாடுவான். அது விமர்சனம்.

லண்டனில் 1880களின் இறுதியில் 'கார்னோ டி பாஸெட்டோ' என்ற புனைபெயரில் சங்கீத விமர்சனம் எழுதியவர் பெர்னார்ட் ஷா. அவர் 1905ல் 'டைம்ஸ்' பத்திரிகைக்கு ஓர் ஆப்பரா இரவைப் பற்றிக் கடிதம் எழுதினார். ஆண்கள் இன்ன உடையில்தான் வரவேண்டும் என்று விதித்த கொட்டகைக்காரர்கள், செத்த வெள்ளைப் பறவை ஒன்றைத் தலையில் செருகிக்கொண்டு முன்னே வந்தமர்ந்த சீமாட்டியை ஏன் விட்டார்கள் என்பது அவர் கேள்வி. அந்த அம்மையார் யார், யாருடைய மனைவி என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அது ஒரு வாரத்து வம்பு. சொல்லாததால், கௌரவம் என்று சீமான்கள் எதை மதிக்கிறார்கள் என்ற கேள்வி இன்றும் உயிரோடு நிற்கிறது.

இனி நம் காலத்துக்கு வருவோம். யுத்தத்திற்குப் பின் சினிமா பெருகியது, பங்சாவான் நடிகர் பலர் சிங்கப்பூர்ப் படக் கம்பெனிகளுக்குப் போயினர், கொட்டகைகள் மங்கின. திண்ணையும் அருகிப் போயிற்று. வம்பு மட்டும் அழியாமல் கைப்பேசியில் குடியேறிவிட்டது. தோட்டத்துக் கோயில் திருவிழாவில் ஒரு பெண் வள்ளி வேஷம் கட்டிப் பாடினால், அவள் பாட்டைவிட, அவளை வீட்டில் கொண்டுபோய் விட்டவன் யார் என்ற செய்தி வேகமாய் ஓடுகிறது. தகப்பனார் தலை குனிகிறார். தாயார் கதவைச் சாத்துகிறார். மறுவருஷம் அந்தப் பெண் மேடையில் இல்லை. பிறகு நாமே கூடி, "நம் பிள்ளைகளுக்குக் கலையில் ஆர்வமில்லை" என்று தீர்மானம் போடுகிறோம்!

ஆகவே, தோட்டத்திலும் பட்டணத்திலும் உள்ள நேயர்களை நாம் கேட்டுக்கொள்வது அதிகமில்லை. அடுத்த முறை ஒரு நாடகம் பார்த்துவிட்டு வந்தால், சுருதி நின்றதா, சொல் காதில் தெளிவாய் விழுந்ததா, கதை அறிவுக்கும் மானத்துக்கும் பொருந்தியதா என்று முதலில் பேசுங்கள். குறையிருந்தால் தயங்காமல் சொல்லுங்கள், சிரிக்கும்படியும் சொல்லுங்கள். தாளம் தப்பிற்று என்று கேட்ட பெண் வீட்டுக்குப் போய்ச் சாதகம் செய்வாள். நடத்தை தப்பிற்று என்று கேட்ட பெண் பாடுவதையே விட்டுவிடுவாள். இவற்றில் எது நமக்கு லாபம் என்று கண்டுகொள்ள, கணக்குப்பிள்ளை வேலை தெரிந்திருக்க வேண்டியதில்லை.