கங்காருவின் வேகமும் அதன் எடைக்கணக்கும்

ரைனோ என்ற முப்பரிமாண வடிவமைப்பு மென்பொருளில் ஓடும் கிராஸ்ஹாப்பர் என்ற காட்சிநிரல் கருவிக்கு டேனியல் பைக்கர் எழுதிய கங்காரு என்ற துணைக்கருவி வந்தபின், திரையில் அசையாமல் கிடந்த வலைகள் தொங்கவும் ஆடவும் தொடங்கின. வலையின் மூலைகளைக் கட்டிவிட்டு ஈர்ப்பைத் தலைகீழாக்கினால் கூரை எழும்பும். முதல் பதிப்பு விசைகளைக் கூட்டி, சிறுசிறு நேர இடைவெளிகளில் நகர்ந்தது. வலைக் கம்பியின் விறைப்பைக் கூட்டினால் முடிச்சுகள் அளவுமீறித் தாவி, உருவமே சிதறிப் பறக்கும். இடைவெளியைக் குறைத்தால் சிதறாது. ஆனால் நெடுநேரம் காத்திருக்க வேண்டும்.

இரண்டாம் பதிப்பு இதை அடியோடு மாற்றியது. இங்கே எல்லாமே இலக்குகள். 'இவ்விரு புள்ளிகளும் ஒரு மீட்டர் தள்ளி இருக்கட்டும்', 'இந்த நான்கும் ஒரே தளத்தில் அமையட்டும்' என்று ஒவ்வோர் இலக்கும் தன் புள்ளிகளை எங்கே நகர்த்தலாம் எனச் சொல்லும். தன் சொல்லுக்கு எவ்வளவு எடை என்பதையும் சொல்லும். புள்ளி அந்த யோசனைகளின் எடையிட்ட சராசரிக்கு நகரும். இப்படியே பலமுறை ஓடிச் சமநிலைக்கு வரும். விறைப்புகள் பன்மடங்கு வேறுபட்டாலும் உருவம் சிதறுவதில்லை. கணக்கு ஓடும்போதே ஒரு புள்ளியைச் சுட்டியால் பிடித்து இழுக்கலாம். புது இலக்கு வேண்டுமென்றால் நிரல் எழுதிச் சேர்க்கலாம். ரைனோ 6 முதல் தனியாக நிறுவவும் தேவையில்லை.

கூரையின் பாரத்தையும், கண்ணாடிப் பலகைகள் தட்டையாக இருக்கவேண்டும் என்ற தயாரிப்புத் தேவையையும் ஒரே கணக்கில் சேர்க்க முடிவதே இதன் பெரிய கொடை என்பேன். வடிவத்தை முடித்தபின் அதைத் தட்டைத் துண்டுகளாக வெட்டப் போராடுவதைவிட இது எவ்வளவோ மேல்.

குறையும் அந்த இடத்தில்தான் இருக்கிறது. தட்டையாக்கும் இலக்கு முடிச்சுகளைத் தள்ளுகிறது. கட்டிய கூரையில் அப்படித் தள்ள எதுவும் கிடையாது. ஆகவே திரையில் காணும் சமநிலை, கூரையின் சமநிலையாக இருக்கவேண்டியதில்லை. எந்த வளைவு பாரத்தால் வந்தது, எது நம் விருப்பத்தால் வந்தது என்று முடிவைப் பார்த்து யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

இலக்குகளுக்குக் கொடுக்கும் எடை எண்களின் நிலையும் இதுதான். கம்பியின் உண்மையான விறைப்பிலிருந்து எடையைக் கணக்கிட்டு, பாரத்தை நியூட்டனில் கொடுத்தால், கிடைக்கும் இழுவிசையை நம்பலாம். இந்த அடித்தளத்தில்தான் கே2 எஞ்சினியரிங் என்ற துணைக்கருவி எழுந்தது. ஆனால் பலரும் கூரை கண்ணுக்கு அழகாகும்வரை எண்ணை நகர்த்துகிறார்கள். எல்லா முடிச்சுக்கும் ஒரே பாரம் என்றால், வலை நெருக்கமான இடத்தில் கூரை கனத்துவிடும். கொலோனியா குயெல் தேவாலயத்தின் வடிவத்தைக் காண நூல்களைத் தொங்கவிட்ட கட்டடக்கலைஞர் கௌடி, ஈயக்குண்டுப் பைகளின் எடையைக் கணக்கிட்டே கட்டினார்.

வடிவம் கிடைப்பதோடு வேலை முடிவதுமில்லை. கட்டடக்கலைஞர் ஃப்ரை ஓட்டோ பங்குபெற்ற, ஜெர்மனியின் 1975ஆம் ஆண்டு மான்ஹைம் மண்டபத்துக்கும் தொங்கும் மாதிரியிலிருந்தே உருவம் வந்தது. ஆயினும் பொறியாளர்கள் மரச்சட்ட வலையில் தண்ணீர் நிரப்பிய குப்பைத்தொட்டிகளைத் தொங்கவிட்டுச் சோதித்தார்கள். ஏனெனில் ஓடு போன்ற மெல்லிய கூரை பாரத்தைச் சுமந்தபடியே திடீரென நெளிந்து உள்வாங்கக்கூடும். ஒருபக்கப் பாரம் அதை எளிதாகத் தூண்டும். கங்காருவில் வடிவம் காண்பவர் இந்த நெளிவுச் சோதனையைத் தனியே செய்தாக வேண்டும்.

வகுப்பறையில் ஒரு பழக்கத்தைக் கட்டாயமாக்கலாம். வடிவம் அடங்கியதும் விருப்ப இலக்குகளை எல்லாம் நீக்கி, பாரமும் கம்பிகளும் தாங்கிகளும் மட்டும் இருக்க, கணக்கை மறுபடி ஓட்டவேண்டும். எந்த முடிச்சு எவ்வளவு நகர்ந்தது என்பதை வரைபடத்தோடு சேர்த்துக் கட்டமைப்புப் பொறியாளரிடம் கொடுக்கவேண்டும்.