உரிமை யாருடையது?

நீதிமன்றத் தீர்ப்பும் ஓர் எழுத்தே. எவ்வெழுத்தையும் போலவே, அது யாருடைய நலனைப் பேணி நிற்கின்றது என்ற வினாவோடு அதனையும் அணுகுதல் வேண்டும். 2025 ஏப்ரலில் ஐக்கிய அமெரிக்காவின் ஐந்தாம் வட்டார மேன்முறையீட்டு நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பொன்றை இவ்வகையில் நோக்குவோம்.

அந்நாட்டின் பெருந் தொலைபேசிக் கம்பனிகள், தம் வாடிக்கையாளர் எவ்விடத்தில் இருக்கின்றனர் என்ற தகவலைத் தரகர்க்கு விற்றன. தரகர் பிறர்க்கு விற்றனர். மிசூரி மாநிலத்து ஷெரிப் ஒருவர், முறையான ஆணையின்றியே இத்தகவல் கொண்டு பலரை வேவு பார்த்தமை 2018 இல் அம்பலமாயிற்று. 2024 ஏப்ரலில் மத்திய தொடர்பாடல் ஆணைக்குழு நான்கு கம்பனிகளுக்கு ஏறத்தாழ 20 கோடி டொலர் தண்டம் விதித்தது. ஏ.டி. அன்ட் டி. கம்பனிக்குரிய 5.7 கோடியையே ஐந்தாம் வட்டார நீதிமன்றம் நீக்கிற்று.

இதற்கு ஆதாரமாய் அமைந்தது, 2024 ஜூனில் ஜார்க்கசி வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறிய முடிபாகும். பங்குச் சந்தை ஆணைக்குழு மோசடிக்குத் தண்டம் கோரின், எதிராளிக்கு ஜூரி விசாரணை உரிமையுண்டு என்றது அது. 1791 இல் நிறைவேறிய ஏழாவது அரசியலமைப்புத் திருத்தமே அவ்வுரிமையின் மூலம்.

குற்றஞ் சாட்டுபவரே தீர்ப்பும் கூறலாகாது என்பது நியாயமே. அதிகாரிகளின் வரம்பற்ற ஆட்சியை நாமும் வேண்டுவதில்லை. ஆயின், தண்டத்தைச் செலுத்த மறுக்கும் கம்பனிமீது அரசு வழக்குத் தொடுத்தல் வேண்டும்; அவ்வழக்கில் ஜூரி உண்டு. இதனைச் சுட்டியே, 2025 ஜூனில் இரண்டாம் வட்டார நீதிமன்றம் வெரைசன் கம்பனியின் தண்டத்தை உறுதிப்படுத்திற்று. ஆணைக்குழு ஒன்று, சட்டம் ஒன்று; தீர்ப்போ இரண்டு. எனவே, சட்டத்தின் சொற்களே இம்முடிவுக்கு இட்டுச் சென்றன என்று வாதிடுதல் பொருந்தாது.

எளிய மனிதனை ஆள்வோரிடமிருந்து காக்க எழுந்த உரிமை, இங்கே பெருமுதலின் கேடயமாயிற்று. தன் இருப்பிடம் விற்கப்பட்டதையே அறியாதவன் எவ்வாறு வழக்காடுவான்? அறிந்தாலும், தனியொருவனாகக் கம்பனியின் வழக்கறிஞர் படையை எதிர்கொள்ளல் எளிதோ? அவனுக்காக வாதிட இருந்த ஆணைக்குழுவின் கையைக் கட்டிய தீர்ப்பு, அவனுக்கு வேறொரு வழியைக் காட்டிற்றில்லை. இதுவே அதன் அடிப்படைக் குறைபாடு.

அந்தரங்கத் தகவலைக் காக்கச் சட்டம் இயற்றுவோர், உரிமையை எழுதுவதோடு அமைதல் போதாது. அதனை யார், எம்மன்றில், எவ்வாறு நிலைநாட்டுவது என்பதையும் ஐயத்துக்கு இடமின்றி எழுதுதல் வேண்டும். அவ்வாறு எழுதச் செய்யும் ஆற்றல் மக்கள் இயக்கத்துக்கே உண்டு.