தீர்ப்பு அடைமொழியில் இருக்கிறது: ஆங்கிலத்தின் சரி, தவறுச் சொற்களை ரசிப்பது எப்படி?

ஆங்கிலச் செய்தியில் ‘க்ரைம்’, ‘க்ரூயல்டி’ போன்ற சொற்களைக் கண்டதும் நம் கண் அங்கேயே நின்றுவிடுகிறது. அவற்றுக்கு முன்னால் ஓர் அடைமொழி அடக்கமாக உட்கார்ந்திருக்கும். தவறு எவ்வளவு, அது மன்னிக்கத் தக்கதா, தண்டிக்கத் தக்கதா என்பதைப் பெரும்பாலும் அதுதான் முடிவுசெய்யும். அதைக் கவனிக்கப் பழகிவிட்டால் வறண்ட சட்டப்பிரிவுகூடச் சுவையான வாசிப்பாகும். பழகிப் பார்க்கப் புதுக்கோட்டைக்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்த வழக்கு ஒன்று இருக்கிறது: ஜல்லிக்கட்டு.

கந்தர்வகோட்டை அருகே தச்சங்குறிச்சியில்தான் பெரும்பாலும் ஆண்டின் முதல் வாடிவாசல் திறக்கிறது. விராலிமலையில் 2019 ஜனவரி 20 அன்று ஒரே நாளில் 1,300க்கும் மேற்பட்ட காளைகள் அவிழ்த்துவிடப்பட்டன. இந்த விளையாட்டு உச்ச நீதிமன்றத்தின் படியேறியபோது, வாதத்தில் ஓர் ஆங்கில அடைமொழிக்கும் முக்கிய இடம் இருந்தது.

மறைத்துப் படியுங்கள்

1960ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம், விலங்குக்கு ‘அன்நெசசரி’ வலியோ துன்பமோ தரக்கூடாது என்கிறது. தேவையற்ற வலி. அந்த ஒரு சொல்லை விரலால் மறைத்துவிட்டு மறுபடி படியுங்கள். இப்போது எந்த வலியும் குற்றம். மாட்டுக்கு லாடம் அடிப்பவர், ஏர் பூட்டி உழுபவர் என ஊரில் பாதிப் பேர் குற்றவாளிகள்!

விரலை எடுத்தால் ஊர் பிழைத்துக்கொள்கிறது. அதோடு, கொம்பு நீக்குவது, காயடிப்பது, சூடு போடுவது, மூக்கணாங்கயிறு போடுவது ஆகியவற்றை விதித்த முறைப்படி செய்தால் குற்றமில்லை என்று 11ஆம் பிரிவே விலக்கு அளிக்கிறது. உணவுக்காக அறுப்பதற்கும் விலக்கு உண்டு. அங்கேயும் ‘அன்நெசசரி’ வலி கூடாது என்ற நிபந்தனை திரும்ப வருகிறது.

எதிர்ச்சொல்லைத் தேடுங்கள்

தேவையற்ற வலி என்று ஒன்று இருந்தால், தேவையான வலி என்றும் ஒன்று இருந்தாக வேண்டும். அது எது? யாருக்குத் தேவை? சட்டம் இதை விளக்கவில்லை. அந்த மௌனத்துக்குள்தான் வழக்கறிஞர்கள் நுழைந்தார்கள்.

2014 மே 7 அன்று நீதிபதிகள் கே.எஸ். ராதாகிருஷ்ணன், பினாகி சந்திர கோஷ் அமர்வு பதில் சொன்னது: மனிதர்களின் கேளிக்கைக்காகக் காளை படும் துன்பம் தேவையின் கணக்கில் வராது. ஜல்லிக்கட்டு நின்றது. அதை மீட்கக் கோரி நடந்த 2017 ஜனவரிப் போராட்டத்துக்குப் பிறகு தமிழ்நாடு அரசு சட்டத்தைத் திருத்தி, விதிகளையும் வகுத்தது. காளைக்கு மருத்துவப் பரிசோதனை, திமிலை மட்டுமே பிடிக்க வேண்டும் என்பவை அவற்றில் உண்டு.

2023 மே 18 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு அந்தத் திருத்தத்தை ஏற்றது. அந்தத் தீர்ப்பை நுணுகிப் படிப்பவருக்கு விருந்து காத்திருக்கிறது. திருத்தமும் விதிகளும் சேர்ந்து துன்பத்தைக் கணிசமாகக் குறைக்கின்றன என்றுதான் நீதிமன்றம் சொன்னது. துன்பமே இல்லை என்று சொல்லவில்லை. திருத்தத்துக்குக் கிடைத்த அடைமொழியும் ‘வாலிட்’ என்பதுதான். செல்லும் என்று பொருள். நல்லது என்றோ கருணையுள்ளது என்றோ பொருள் இல்லை. வென்றவர்கள் காதில் ‘ரைட்’ என்று ஒலித்திருக்கலாம்; நீதிமன்றம் ‘வாலிட்’ என்றது. இந்த வேறுபாடு காதில் விழத் தொடங்கிவிட்டால் நீங்கள் ரசிகர்தான்.

எத்தனையாவது படி என்று பாருங்கள்

சில அடைமொழிகள் தனியாக வராது, படிவரிசையாக வரும். 2015ஆம் ஆண்டின் இளஞ்சிறார் நீதிச் சட்டம் குற்றங்களை ‘பெட்டி’, ‘சீரியஸ்’, ‘ஹெய்னஸ்’ என மூன்றாகப் பிரித்தது. பேச்சில் ‘ஹெய்னஸ்’ என்றால் கேட்பவர் நெஞ்சு பதறும். சட்டத்தில் அது வெறும் கணக்கு: குறைந்தபட்சத் தண்டனையே ஏழு ஆண்டுகள் அல்லது அதற்கு மேல். அதிகபட்சத் தண்டனை மூன்று ஆண்டு வரை என்றால் ‘பெட்டி’. மூன்றிலிருந்து ஏழு வரை ‘சீரியஸ்’.

அதிகபட்சம் ஏழுக்கு மேல், ஆனால் குறைந்தபட்சம் எதுவும் இல்லை என்று ஒரு குற்றம் வந்தால்? அது எந்தப் படியிலும் நிற்கவில்லை. 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை ‘சீரியஸ்’ படியில் ஏற்றியது. 2021இல் நாடாளுமன்றம் சட்டத்தையே திருத்தியது. இரண்டு அடைமொழிகளுக்கு நடுவே இருந்த இடைவெளியை அடைக்க ஒரு நாடாளுமன்றம் தேவைப்பட்டது.

இடைப்பட்ட சொற்களை விட்டுவிடாதீர்கள்

புதுக்கோட்டை மன்னர் மார்த்தாண்ட பைரவ தொண்டைமான் 1915 ஆகஸ்டில் மெல்போர்னில், பதிவாளர் முன்னிலையில், மோலி ஃபிங்க் என்ற ஆஸ்திரேலியப் பெண்ணை மணந்தார். பிரிட்டிஷ் அரசு மோலியை ராணியாகவும் ஏற்கவில்லை, மகனை வாரிசாகவும் ஏற்கவில்லை. இதைச் சொல்ல ‘இல்லீகல்’ உதவாது. ‘ராங்’ என்பதும் மிகை. ‘அன்டிசையரபிள்’, ‘அன்சூட்டபிள்’, ‘இம்ப்ராப்பர்’ என்று விரும்பத்தகாதவை, பொருந்தாதவை, முறையற்றவை ஆகியவற்றைச் சொல்ல ஆங்கிலத்தில் ஒரு கூட்டமே இருக்கிறது. குற்றம் என்று நிரூபிக்க முடியாததைத் தடுக்க நினைக்கும் அதிகாரத்துக்கு வசதியான சொற்கள் இவை. மென்மையாகத்தான் ஒலிக்கும். அவற்றுக்குப் பின்னால் ஓர் அரசுரிமையே பறிபோகலாம்.

உரத்த சொல்லுக்கு மயங்காதீர்கள்

‘ஷாக்கிங்’, ‘ஷேம்ஃபுல்’ போன்றவை எழுதியவரின் கோபத்தை அளக்கின்றன, செய்தவரின் தவறை அல்ல. ‘கிராஸ்’ அப்படியில்லை. 2005இல் ஜேக்கப் மேத்யூ வழக்கில், மருத்துவர்மீது குற்றவழக்குத் தொடர வெறும் அலட்சியம் போதாது, அது ‘கிராஸ்’ ஆக, அதாவது மிகக் கடுமையானதாக இருக்க வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். அதற்கான அப்போதைய இந்தியத் தண்டனைச் சட்டப் பிரிவில் இல்லாத அடைமொழியை நீதிபதிகளே அதற்குள் வாசித்தார்கள்.

அடுத்த முறை ஆங்கிலத் தலையங்கமோ தீர்ப்போ கையில் கிடைத்தால், பேனாவால் அடைமொழிகளை மட்டும் அடிக்கோடிடுங்கள். ஒவ்வொன்றிடமும் மூன்று கேள்வி கேளுங்கள்: உன்னை எடுத்துவிட்டால் வாக்கியம் என்ன ஆகும்? உன் எதிர்ச்சொல் எது? உன் அளவுகோல் யார் கையில் இருக்கிறது? மூன்றுக்கும் பதில் கிடைத்தால் அது எடைபோட்டு வைத்த சொல். ஒன்றுக்கும் பதில் இல்லையென்றால் அது வெறும் வசவு, கடந்து போய்விடுங்கள்.